கடைசித் தாளைக் காப்பாற்றியவர்
செட்டிநாடும் தமிழின் மர்மக் கதைப் புத்தகங்களும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், பீங்கான் ஜாடி என்று செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விலை உண்டு. காகிதத்துக்கு மட்டும் விலை குறைவு. ஒரு கடையின் பின்பக்கம், பித்தளைச் சாமான்களைச் சுற்றி வைத்திருந்த காகிதங்களுக்கு நடுவே எனக்கு ஒரு மர்ம நாவல் கிடைத்தது. நடுவில் இரண்டு பின் அடித்த மெல்லிய புத்தகம். அட்டை இல்லை. 3ஆம் பக்கத்தில் தொடங்கி 94ஆம் பக்கத்தில் நின்றுவிட்டது. ஒரு பங்களா, பூட்டிய அறை, நள்ளிரவில் கேட்கும் கொலுசுச் சத்தம், அறைக்குள் ஒரு பிணம் எல்லாம் இருந்தன. கொலையாளி யார் என்பது மட்டும் இல்லை.

பின் அடித்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். இவ்வகைப் புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும் தனித்தனித் தாள்கள் கிடையாது. ஒரே காகிதத்தை மடித்ததில் ஒரு பாதி முன்னே வருகிறது, மறு பாதி பின்னே போகிறது. வெளியில் இருப்பதால் அதுதான் முதலில் கிழியும். அது போகும்போது கதையின் பெயர், எழுதியவர், அச்சகம், ஆண்டு எல்லாம் போகும். கூடவே மர்மத்தின் விடையும் போகும். என் கையில் இருந்த புத்தகத்தை யார் எழுதினார், எந்த ஆண்டில் அச்சிட்டார்கள் என்று எந்த ஆய்வாளரும் சொல்வதற்கில்லை. ஒரு தாள் போனதில் புத்தகம் அநாதையாகிவிட்டது.

தமிழில் மர்மம், துப்பறிதல், திகில் என்று அச்சான மலிவுப் புத்தகங்களின் கதையே இந்த ஒற்றைத் தாளின் கதைதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர்கள் ஆசையோடு படித்தவை அவை. தமிழர்கள் மிக அலட்சியமாகத் தூக்கி எறிந்தவையும் அவையே. அவற்றில் கணிசமானவை இன்று ஆய்வாளர் கைக்குக் கிடைப்பதற்குக் காரணமான மனிதர் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையூரைச் சேர்ந்தவர். இது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம்.

குஜிலிக் கடையிலிருந்து சிவகாசி வரை

இந்தப் புத்தகங்களின் வம்சத்தை முதலில் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையின் குஜிலிக் கடைத்தெரு மலிவு அச்சுக்குப் பேர்போனது. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை போன்றவை பெரிய எழுத்துப் புத்தகங்களாக வந்தன. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிக்கலாம். ஒருவர் உரக்கப் படிக்க வீடே உட்கார்ந்து கேட்கலாம். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் இருந்து கதை சொல்லும் வேதாளம் தமிழ்த் திகிலின் மூத்த பாத்திரம். 1947 ஜூலையில் 'அம்புலிமாமா' தொடங்கிய பிறகு, சங்கர் என்று அறியப்பட்ட கே. சி. சிவசங்கரனின் தூரிகையில் அந்தக் காட்சி தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் மனத்தில் பதிந்தது. ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு என்று மன்னன் நடந்து போகும் அந்தப் படம் இல்லாமல் இங்கே பலருடைய பால்யம் இல்லை.

குஜிலியின் இன்னொரு சரக்கு கொலைச் சிந்து. ஊரை உலுக்கிய கொலை ஒன்று நடந்தால் சில நாட்களில் அது பாட்டாகி, எட்டுப் பக்கச் சிறு புத்தகமாகி, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்கப்படும். இவற்றைத் திரட்டி ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே அவை புழங்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறது.

துப்பறியும் கதை 1894இல் பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் என்ற போலீஸ் நிபுணன் வழியாக வந்து சேர்ந்தது. 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வெளிவந்தது. அதில் வரும் துப்பறிவாளர் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார். அடுத்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை. மு. கோதைநாயகி என்று ஒரு வரிசை. ஆரணியார் ரெயினால்ட்ஸ் முதலான ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவித் தமிழ்ப் பெயரும் ஊரும் கொடுத்து எழுதிக் குவித்தார். வடுவூராரின் 'மேனகா' 1935இல் படமானது. அவருடைய 'திகம்பர சாமியார்' 1950இல் திரைக்கு வந்தபோது எம். என். நம்பியார் அதில் பல வேடங்கள் போட்டார்.

விடுதலைக்குப் பிறகு இந்த மரபின் பெரிய இயந்திரங்களை ஓட்டியவர்களில் செட்டிநாட்டார் முன்வரிசையில் நிற்கிறார்கள். 1947இல் எஸ். ஏ. பி. அண்ணாமலை 'குமுதம்' இதழைத் தொடங்கினார். தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் 'கல்கண்டு' இதழின் ஆசிரியராக இருந்து சங்கர்லால் என்ற துப்பறிவாளரைப் படைத்தார்; தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த தமிழ்வாணனின் முகம் கதாநாயகனின் முகத்துக்கு நிகராகப் பிரபலமானது. 'பேய்க்கதை மன்னன்' என்று பெயர் வாங்கிய பி. டி. சாமி நடுச்சாமத்தையும் பாழடைந்த பங்களாவையும் வைத்தே ஒரு வாசகர் உலகத்தை உண்டாக்கினார். 1969இல் 'ராணி முத்து' வந்தது. எண்பதுகளில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோரின் காலம் அது.

படக்கதையின் தலைநகரம் சிவகாசி. 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். 1986இல் அதே நிறுவனத்திலிருந்து 'திகில்' என்ற பெயரிலேயே ஓர் இதழ் வந்தது. திகிலுக்கென்று தமிழில் தனியாக வந்த படக்கதை இதழ் என்பதால் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பெயர்களில் அதுவும் ஒன்று.

ஏன் அழிந்தன?

இத்தனை ஆயிரம் பிரதிகள் எங்கே போயின என்றால், முதல் குற்றவாளி காகிதமேதான். மரத்தை அரைத்துக் கூழாக்கிச் செய்யும் மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். மை பரவாமல் இருக்கத் தாளில் சேர்க்கும் படிகாரம் நாளடைவில் அமிலத்தைக் கொடுக்கும். அமிலம் நாரை அறுக்கும். நார் அறுந்தால் தாள் வளையாமல் ஒடியும். வெயிலும் ஈரமும் இந்த வேலையை விரைவுபடுத்தும். அதனால்தான் 1850இல் கந்தல் துணிக் கூழில் செய்த தாளில் அச்சான புராணம் இன்றும் புரட்டத் தாங்குகிறது, 1975இல் நியூஸ்பிரிண்டில் அச்சான பேய்க்கதை தொட்டால் உதிர்கிறது. வயது ஏறினால் புத்தகம் கெடும் என்ற பொதுக் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. பின்னில் பிடித்த துரு, ராமபாணப் பூச்சி, கரையான் எல்லாம் இதற்குப் பிறகு வரும் விருந்தாளிகள்.

இரண்டாவது காரணம் வாசகரின் அன்பு. இந்தப் புத்தகங்கள் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன. ஒரு தெருவுக்கு ஒரு பிரதி போதும். வாடகை நூல்நிலையத்தில் ஒரு மர்ம நாவல் பத்துப் பதினைந்து வீடுகளைச் சுற்றி வந்தால் அட்டை போகும். இன்னும் பத்து வீடு போனால் முதல் தாளும் கடைசித் தாளும் போகும். நன்றாக விற்ற புத்தகமே இன்று அரிதான புத்தகம் ஆனதற்கு இதுதான் விளக்கம். யாரும் தொடாத கவிதைத் தொகுப்பு அச்சகத்திலிருந்து வந்த பொலிவோடு அலமாரியில் இருக்கும்.

மூன்றாவது, மதிப்பிடுபவர்களின் அலட்சியம். 1930களில் மறுமலர்ச்சி இலக்கியம் பேசியவர்கள் இந்த நாவல்களை நச்சு என்றே கருதினார்கள். பல்கலைக்கழகங்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அலட்சியப்படுத்தியவர்களின் எழுத்திலும் திகில் புகுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' தமிழின் சிறந்த பேய்க்கதை என்று இன்றும் பேசப்படுகிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயா விஞ்ஞானமா என்ற கேள்வியைக் குமுதம் வாசகர்களிடம் வாரா வாரம் கேட்டது. சுவரின் இரு பக்கமும் ஒரே இருட்டுதான் இருந்தது. ஒரு பக்கத்துப் புத்தகத்தை மட்டும் நூலகம் வாங்கியது.

சட்டமும் இதில் வருகிறது. 1867ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அச்சான ஒவ்வொரு நூலும் அரசிடம் பதிவாக வேண்டியிருந்தது. 1954இல் வந்த சட்டம் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பச் சொன்னது. அவற்றுள் ஒன்று சென்னைக் கன்னிமாரா. ஆனால் மாத நாவல் புத்தகமும் இல்லை, முழுக்கப் பத்திரிகையும் இல்லை. உள்ளே இருப்பது ஒரு நாவல். வெளியே இருப்பது இதழின் பெயரும் மாதமும். பழைய இதழ்களை அவ்வப்போது கழித்துக்கட்டும் ஊர் நூலகத்தில் அது இதழோடு இதழாகப் பழைய பேப்பருக்குப் போனது. பொதுவான பயம் ஒன்றும் இருந்தது. அமெரிக்காவில் திகில் படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற கூச்சல் எழுந்து, 1954இல் அங்குள்ள வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாட்டு விதி ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். 1955இல் பிரிட்டன் அத்தகைய படக்கதைகளுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே, 1956இல், இந்திய நாடாளுமன்றமும் இளையோருக்குக் கேடு தரும் வெளியீடுகள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்த் திகில் இதழ் ஒன்று பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பற்றிய சந்தேகம் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் திகில் படக்கதைகளை வெளியிட்டு வசவு வாங்கிய வில்லியம் கெயின்ஸ் தம் இதழ் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு டஜன் பிரதியைப் பத்திரமாகக் கட்டி வைத்தார். பிற்காலச் சேகரிப்பாளர்களுக்கு அவை பொக்கிஷம் ஆயின. தமிழில் இந்தக் காரியத்தை ஒரு தனி மனிதர் செய்தார். அவர் வெளியீட்டாளர் இல்லை, பேராசிரியரும் இல்லை.

கோட்டையூரின் காகித மனிதர்

ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர். வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த அதே ஊர். முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழிலைத் தொடங்கினார். எழுத்தை வரைந்து பிழைத்தவருக்கு அச்செழுத்தின் மேல் காதல் பிறந்ததில் வியப்பில்லை. பழைய புத்தகம் வாங்கத் தொடங்கினார். அந்நாளில் சென்னையில் பழைய புத்தகம் என்றால் மூர் மார்க்கெட்தான்; 1900இல் திறந்து 1985இல் தீயில் அழிந்த சந்தை அது. புத்தகத்துக்காக ஊர் ஊராகவும் அலைந்தார். சேர்த்ததையெல்லாம் கோட்டையூருக்குக் கொண்டுவந்து வைத்தார்.

1992இல் அவர் காலமானபோது வீட்டில் இருந்தவை ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள். அவற்றில் பாதி, 50,000 அளவுக்குப் புத்தகங்கள். மீதி இதழ்கள், நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள், படங்கள், கத்தரித்த செய்திகள். சங்க இலக்கியப் பதிப்பும் துப்பறியும் நாவலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சித்த மருத்துவச் சுவடியும் குஜிலிப் பாட்டும் அடுத்தடுத்து இருந்தன.

என் வாதத்தின் மையம் இந்தக் கலவைதான். நூலகர் தேர்ந்தெடுப்பார், பேராசிரியர் தரம் பிரிப்பார், பக்தர் தம் சமயத்து நூலை மட்டும் சேர்ப்பார். முத்தையா அச்சில் வந்தது என்ற ஒரே தகுதியைக் கேட்டார். எது உயர்வு, எது தாழ்வு என்ற கேள்வியை வருங்காலத்துக்கு விட்டுவிட்டார். நாம் இன்று தாழ்வு என்று ஒதுக்குவதை நாளை ஒருவர் தேடி வருவார் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒரு மனிதர் நாற்பது ஆண்டு காலம் இதைச் செய்ய முடியாது. அந்த நம்பிக்கைக்கு அடக்கம் வேண்டும். என் காலத்தின் ரசனையே கடைசித் தீர்ப்பு என்று நினைக்காத அடக்கம் அது.

தேடியும் வந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அவர் குடும்பத்தாரிடமிருந்து தொகுப்பு முழுவதையும் வாங்கியது. அதைவிடப் பெரிய காரியம், வாங்கியதை அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டு போகாமல் தமிழ்நாட்டிலேயே விட்டுவைத்தது. கப்பல் ஏறியிருந்தால் தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒருவர் ஒரு துப்பறியும் நாவலைப் பார்க்க விசா கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். 1994இல் மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் அமைந்தது. 1996இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. கோட்டையூரிலிருந்து போன காகிதம் பட்டியலானது, நுண்படச் சுருளில் ஏறியது, பிறகு மின்வடிவம் பெற்றது. இப்போது நூலகம் தரமணியில் இயங்குகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தோடும் சேர்ந்து, பிற தொகுப்புகளில் உள்ள பழைய அச்சு நூல்களைப் பதிவு செய்திருக்கிறது.

பலன் என்ன? ஆரணியாரும் வடுவூராரும் ரங்கராஜுவும் மறுபடி ஆய்வுக்கு வந்தார்கள். தொடக்ககால நாவல்களை யார் படித்தார்கள், எப்படிப் படித்தார்கள், உரக்கப் படிப்பது எப்போது மௌன வாசிப்பாக மாறியது, பெண்கள் நாவல் படிப்பதைப் பற்றி எப்படிப்பட்ட பயம் இருந்தது என்று கேட்க முடிந்தது. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' போன்ற ஆய்வுகள் இந்தக் கேள்விகளை எழுப்பின. இவற்றுக்கு விடை உயர்ந்த இலக்கியத்தில் கிடைக்காது. எல்லோரும் படித்தது எதுவோ அதில்தான் கிடைக்கும்.

ஆச்சியின் கட்டுப் புத்தகம்

முத்தையா செட்டிநாட்டில் பிறந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றேன். செட்டிநாட்டு நகரத்தார் வீட்டின் அமைப்பே சேமிப்புக்கானது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீட்டில் வளவைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் அறை உண்டு. அதற்குப் பூட்டும் சாவியும் தனி. சீராக வந்த பாத்திரம், பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த பெட்டி, கணக்கேடு, மொய் எழுதிய நோட்டு, கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எதையும் எறிவது கிடையாது. கணக்கு எழுதுவதும் எழுதியதைக் காப்பதும் கொண்டுவிற்கப் போன சமூகத்தின் உயிர்நாடி. கடல் கடந்த தொழிலில் சாட்சி காகிதம்தானே.

ஆனால் அந்த வீடுகளிலும் கதைப் புத்தகம் தானாகத் தப்பிக்கவில்லை. அதைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதைச் சில வீடுகளில் நேரில் கண்டேன். காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் ஆச்சி இரண்டாங்கட்டு அலமாரியிலிருந்து ஒரு தடித்த கட்டுப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். "எடைக்குப் போடச் சொன்னாக. நாந்தான் மாட்டேன்னு வச்சிருக்கேன். எங்க அப்பச்சி சொல்லிக் கட்டினது" என்றார்.

வாரப் பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்து எடுத்த தொடர்கதை அது. மட்டை அட்டை, முதுகில் சிவப்புக் காலிகோ, உள்ளே நூல் தையல். ஒட்டிய மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்ததால் முதுகின் உள்விளிம்பில் லேசான பச்சை நிறம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பைண்டர்கள் செய்யும் உபாயம் அது. ஆச்சியின் புத்தகத்தில் அது பலித்திருந்தது. விளிம்பு சரியாக வரவேண்டும் என்று பைண்டர் வெட்டியதில் சில படங்களின் ஓரம் போயிருந்தது. அத்தியாயத்தின் மறுபக்கத்தில் பாதி துணுக்கு, பாதி தைல விளம்பரம், யாரோ பென்சிலால் போட்ட பால் கணக்கு. நடுவில் ஒரு வாரம் இல்லை. அந்த இடத்தில் நோட்டுத் தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்து, விட்டுப்போன கதையைப் பத்து வரியில் யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வீட்டில் கேட்டு எழுதினது என்றார் ஆச்சி.

இந்த ஒரு புத்தகத்துக்கு உலகில் இரண்டாம் பிரதி கிடையாது. தொடரை நூலாக வெளியிட்ட பதிப்பகத்தின் புத்தகம் எல்லா நூலகத்திலும் கிடைக்கலாம். வாரம் ஒரு துண்டாகக் கதை வந்தபோது ஒரு குடும்பம் எப்படிக் காத்திருந்தது, எப்படிப் பகிர்ந்துகொண்டது என்பதற்கு ஆச்சியின் கட்டுதான் சாட்சி. சேகரிப்பாளர்கள் பலர் இப்படிப்பட்ட கட்டுகளை விரும்புவதில்லை. விளிம்பு வெட்டியது, அட்டை இல்லாதது, முழு இதழ் இல்லை என்பார்கள். ஆய்வுக்கு இவை முழு இதழுக்குச் சமமானவை, சில நேரம் அதற்கும் மேலானவை.

விலையும் மதிப்பும்

இன்று மர்மக் கதைப் புத்தகச் சேகரிப்பில் அதிகம் புழங்குவது படக்கதை. முத்து, லயன், திகில், ராணி காமிக்ஸ், இந்திரஜால் ஆகியவற்றின் பழைய இதழ்களைத் தேடுபவர்கள் தமிழ்நாட்டிலும் தமிழர் குடியேறிய நாடுகளிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள். விடுமுறையில் படித்த இதழை மறுபடி ஒரு முறை கையில் பிடிக்க விரும்புகிறவர்கள். அவர்களுடைய ஆசைதான் எடைக்குப் போன காகிதத்தைத் திரும்ப மீட்டது. அந்தக் கடனைத் தமிழ் வாசகர்கள் மறக்கக் கூடாது.

சிவகாசியில் மாயாவி கதைகள் அண்மை ஆண்டுகளில் நல்ல தாளில் மறுபதிப்பாகியிருக்கின்றன. கதை போதும் என்பவருக்கு அது போதும். ஆனால் மூல இதழ் சொல்லும் செய்தி வேறு. இரும்புக்கை மாயாவி பிறந்தது இங்கிலாந்தில், 1962இல் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரிய நடமாடுகிறான். அந்த வெற்றுக் கை காற்றில் மிதந்து வரும் கட்டம்தான் தமிழ்ச் சிறுவர்களின் முதல் திகில். பத்தாண்டு கழித்து அது சிவகாசிக்கு வந்தபோது என்ன அளவுத் தாளில் வந்தது, ஆங்கில எழுத்து இருந்த பலூனுக்குள் தமிழ் வாக்கியத்தை எப்படி அடைத்தார்கள், பின்னட்டையில் யார் விளம்பரம் கொடுத்தார்கள், வாசகர் கடிதத்தில் எந்தெந்த ஊர்க்காரர்கள் எழுதினார்கள் என்பவற்றை முதல் அச்சுதான் காட்டும். மறுபதிப்பு கதையைக் காப்பாற்றும். அந்தக் கதை வாழ்ந்த காலத்தைக் காப்பாற்ற மூலப் பிரதியால்தான் முடியும்.

விலை ஏறுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. விலை இருக்கும் இதழ் மட்டும் காப்பாற்றப்படும். மாயாவிக்குத் தேடல் இருக்கிறது. பெயர் தெரியாத எழுத்தாளரின் மாத நாவலுக்கு இல்லை. 1980களின் மாத நாவல்கள் இப்போது, நம் கண்முன்னே, அமிலத்தில் ஒடிந்துகொண்டிருக்கின்றன. ரங்கராஜு காலத்து நாவல்களுக்கு 1950களில் எந்த நிலைமையோ அந்த நிலைமை இவற்றுக்கு இன்று. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் மலிவுப் புனைகதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகுப்புக்கும் அடிப்படை யாரோ எறியாமல் வைத்திருந்த பிரதிகள்தான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. வீட்டில் இத்தகைய புத்தகம் இருந்தால் முதலில் முன் தாளையும் பின் தாளையும் படம் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூலால் தையுங்கள். செல்லோ டேப்பை ஒருநாளும் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைக் கறையாக்கிவிட்டுத் தானும் உதிரும். லேமினேஷன் செய்யாதீர்கள், ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. வெயிலில் காயவைக்க வேண்டாம். படுக்கை வாக்கில் அடுக்கி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். யாருடைய புத்தகம், எந்த ஊரில் வாங்கியது என்று தனிச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வைக்க இடம் இல்லை என்றால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தைக் கேளுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக்கு அருகில் புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் வாழ்நாளையும் வருமானத்தையும் போட்டு உருவாக்கிய ஞானாலயா இருக்கிறது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய அந்த மர்ம நாவலை நான் தைத்து வைத்திருக்கிறேன். 3 முதல் 94 வரை. முன்னும் பின்னும் வெற்றுத் தாள் ஒன்றை மடித்துச் சேர்த்திருக்கிறேன். முன்பாதியில் எழுத என்னிடம் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. வாங்கிய இடத்தையும் தேதியையும் மட்டும் எழுதினேன். எங்கோ ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில் இதே புத்தகத்தின் இன்னொரு பிரதி, வெளித்தாள் கிழியாமல், யாரோ ஓர் ஆச்சி எடைக்குப் போட மறுத்ததால் இன்னும் இருக்கலாம். அது கிடைக்கிற நாளில் நிரப்பிக்கொள்ளத்தான் அந்தத் தாள்.